டிராக்டர் பேட்டரியில் மின் கருவிகளை இயக்கலாமா?
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலில் கலப்பையின் கொழு தேய்கிறது. கொட்டகைச் சட்டத்தில் துளை போட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் மின் இணைப்பு இல்லை. டிராக்டரில்தான் பேட்டரி இருக்கிறதே, ஓர் இன்வெர்ட்டரை இணைத்து வேலையை முடிக்கலாமே என்று உங்களில் பலருக்குத் தோன்றும். முடிக்கலாம். ஆனால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் கை கிரைண்டர் 700 வாட் என்று வைத்துக்கொள்வோம். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் சுமார் 800 வாட் தேவைப்படுகிறது. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 67 ஆம்பியர். உங்கள் டிராக்டரின் ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் கொடுப்பதாக இருந்தால், எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடினாலும் பாதிதான் கிடைக்கும். மீதியைப் பேட்டரியே கொடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டால் முழுச் சுமையும் பேட்டரியின் மேல் விழும். டிராக்டர் பேட்டரி, எஞ்சினைக் கிளப்பச் சில விநாடிகள் மிகுந்த மின்சாரம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அடிக்கடி அடிவரை இறக்கினால் அதன் தகடுகள் கெட்டுவிடும். மறுநாள் உழவுக்குப் போகும்போது டிராக்டர் கிளம்பாது, பருவம் தவறிவிடும்.

ஆகவே, சிறிய வேலைகளுக்குச் சிறந்த வழி ஒன்று உண்டு. தனி பேட்டரியில் இயங்கும் 18 வோல்ட் டிரில், கிரைண்டர் போன்றவற்றை வாங்குங்கள். இவற்றின் சார்ஜருக்குப் பெரும்பாலும் 100 முதல் 200 வாட் போதும். 300 வாட் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரை வைத்து, டிராக்டர் ஓடும் நேரத்திலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம்.

இன்வெர்ட்டரை இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. 10 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரைப் பயன்படுத்துங்கள். நீளம் 2 மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும்.

2. பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே 40 ஆம்பியர் ப்யூஸ் போடுங்கள். ப்யூஸ் இல்லாத ஒயர் தேய்ந்து இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும்.

3. பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

4. பேட்டரி அருகே கிரைண்டர் பொறி பறக்க விடாதீர்கள். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடியது.

5. இன்வெர்ட்டரிலிருந்து வருவது 230 வோல்ட். ஈரக்கையோடோ, சேற்றில் நின்றோ தொட வேண்டாம்.

6. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

வெல்டிங், பெரிய கிரைண்டர் போன்ற வேலைகளுக்குப் பேட்டரியை நம்ப வேண்டாம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் இணைக்கும் ஜெனரேட்டரே ஏற்றது. அதில் எஞ்சினின் சக்தியே நேரடியாக மின்சாரமாகிறது. தண்டின் மேல் காப்புறை இல்லாமல் ஓட்டக் கூடாது. வேட்டி, துண்டு சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். டிராக்டரின் மேலேயே வெல்டிங் செய்ய நேர்ந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கருவியின் மேல் வாட் அளவும், ஆல்டர்னேட்டரின் மேல் ஆம்பியர் அளவும் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் பொருந்தினால் இணையுங்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.