குனிந்து பார்க்க வேண்டிய ஊர்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

"ஐரோப்பா போய் வந்ததைப் பத்திப் பேசு, ஆனா பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் உத்தரவு. அதனால் செக் நாட்டுத் தலைநகர் பிராகில், ஒரு வழிகாட்டி அம்மாவின் பின்னால் நடந்த மூன்று மணி நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410-இல் வைத்த வானியல் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு தடவை எலும்புக்கூடு பொம்மை மணியடிக்க, மேலே சன்னலில் ஏசுவின் சீடர்கள் வரிசையாக வந்து போவார்கள். கூட்டமெல்லாம் அண்ணாந்து பார்க்கும். (பிக்பாக்கெட்காரர்களுக்கும் அதுதான் நேரம்!) அது முடிந்ததும் எங்கள் வழிகாட்டி, "இப்போ கீழே பாருங்க" என்றார்.

அதே கட்டடத்தின் பக்கவாட்டில் தரைக்கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள். ஹாப்ஸ்பர்க் பேரரசை எதிர்த்துத் தோற்ற 27 பேருக்கு 1621 ஜூன் 21-இல் அங்கே மரண தண்டனை. அவர்களில் ஒருவர் யான் யெசெனியஸ். பெரிய மருத்துவர், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் ரெக்டர், அதாவது நம்ம ஊர் துணைவேந்தர் மாதிரி. முதலில் நாக்கை அறுத்து, அப்புறம்தான் தலையை வெட்டினார்கள். 12 பேரின் தலைகள் சார்லஸ் பாலத்துக் கோபுரத்தில் வருஷக்கணக்கில் தொங்கின. சதுக்கத்தில் சிலையாக நிற்கும் யான் ஹுஸும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்தவர்தான். 1415-இல் உயிரோடு எரிக்கப்பட்டார்.

1348-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் சில நிமிஷ நடை. தமிழறிஞர் கமில் சுவலபில் படித்த பல்கலைக்கழகம் என்று நினைத்தபோது, அந்தக் குளிரிலும் கொஞ்சம் சொந்த ஊர் மாதிரி இருந்தது.

அடுத்து வென்செஸ்லாஸ் சதுக்கம். சதுக்கம் என்று பெயர்தான். முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு அகலமான கடைவீதி. அதன் மேல்கோடியில், அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதைக் கற்கள் புடைத்திருக்க, ஒரு வெண்கலச் சிலுவை படுத்துக் கிடக்கிறது. யான் பாலாக், 20 வயசு, சார்லஸ் பல்கலைக்கழக மாணவர். சோவியத் படைகள் 1968-இல் நாட்டுக்குள் புகுந்த பிறகு, ஜனங்கள் பணிந்து போவதைப் பொறுக்காமல் 1969 ஜனவரி 16-இல் அங்கே தீக்குளித்தார். மூன்றாம் நாள் உயிர் போயிற்று. படிக்கிற பிள்ளை அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றே எனக்குத் தோன்றியது, சொல்லவும் செய்தேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் நடந்தார்.

கடைசியாக நாரோட்னி தெரு. 1939 நவம்பர் 17-இல் நாஜிகள் ஒன்பது பேரைக் கொன்று, செக் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். உலக மாணவர் தினம் அந்தத் தேதியில் வருவது அதனால்தான். அதன் 50-ஆம் ஆண்டு நினைவாக 1989-இல் ஊர்வலம் போன மாணவர்களைப் போலீஸ் இந்தத் தெருவில் மறித்து அடித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் ஆட்சி கவிழ்ந்து, வாக்லாவ் ஹாவெல் ஜனாதிபதி ஆகிவிட்டார். அங்கே ஒரு கட்டடத்தின் வளைவுச் சுவரில், உயர்த்திய கைகள் மட்டும் தெரிகிற சிறிய வெண்கலத் தகடு. நாங்கள் போன அன்றும் அதன் கீழே யாரோ மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.