பெயர் சொல்லாத வசை

(பாப்பிரெட்டிப்பட்டியில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வெளிப்படையாக ஏசுகிறவனைப் பற்றிப் பேச நான் இங்கே வரவில்லை. அவனை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வகை ஏச்சு இருக்கிறது. யாருக்குத் தைக்க வேண்டுமோ அவருக்குத் தைக்கும். ஆனால் ‘நான் யார் பெயரையாவது சொன்னேனா?’ என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கும். இந்த மறைமுக வசையை எப்படி அடையாளம் காண்பது, கண்டபின் எப்படி நடந்துகொள்வது என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

மதீனாவில் நடந்தது என்ன?

இது புதிய தந்திரம் அல்ல. நபி (ஸல்) அவர்களின் சபையில் நபித்தோழர்கள் ‘ராஇனா’ என்று சொல்வார்கள். ‘எங்களைக் கவனியுங்கள்’ என்பது அதன் பொருள். நல்ல சொல்தான். ஆனால் மதீனாவிலிருந்த யூதர்களில் சிலர் அதே சொல்லை நாவைச் சற்றுச் சுழற்றி இழிபொருள் வரும்படி உச்சரித்தார்கள் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். வெளியே மரியாதை, உள்ளே கேலி! அப்போது அல்பகரா அத்தியாயத்தின் 104ஆம் வசனம் இறங்கியது. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘உன்ளுர்னா’ என்று சொல்லும்படி மூமின்களுக்குக் கட்டளை வந்தது. பொருள் ஏறக்குறைய அதேதான். ஆனால் திரிப்பதற்கு இடமில்லாத சொல்.

‘யூதர்களில் சிலர்’ என்று நான் சொன்னதைக் கவனியுங்கள். வேதம் கொடுக்கப்பட்டோர் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர் என்று ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது. சிலர் செய்ததை எல்லோர் தலையிலும் சுமத்தக்கூடாது. இன்றைய உரையின் உயிர்நாடியே இதுதான்.

புகாரியில் பதிவான இன்னொரு நிகழ்ச்சி. நபியவர்களிடம் வந்த சிலர் ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதற்குப் பதிலாக ‘அஸ்ஸாமு அலைக்கும்’ என்றார்கள். ஓர் எழுத்தை விழுங்கினார்கள். ‘உங்கள் மீது மரணம் உண்டாகட்டும்’ என்று பொருள் மாறிவிட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உடனே புரிந்துகொண்டு, கோபத்தோடு சாபமும் சேர்த்துத் திருப்பிச் சொன்னார்கள். நபியவர்களோ ‘வ அலைக்கும்’ - ‘உங்கள் மீதும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எல்லாக் காரியங்களிலும் மென்மையையே அல்லாஹ் விரும்புகிறான் என்று அன்னைக்கு எடுத்துச் சொன்னார்கள். நபியவர்களுக்கு வசை புரியாமல் போகவில்லை. புரிந்தது, அளவோடு பதில் சொன்னார்கள், நிதானம் இழக்கவில்லை.

சொல்லை மட்டும் பார்த்தால் போதாது

‘பாய்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சகோதரர் என்று பொருள். ‘பாய் கடையில் வாங்கு, எடை சரியாக இருக்கும்’ என்று ஒரு தாய் தன் மகனிடம் சொன்னால் அது நற்சான்று. அதே சொல்லை, வீடு வாடகைக்குக் கேட்டு வந்த இளைஞனிடம் ‘பாயா? வீடு காலி இல்லையே’ என்று சொன்னால்?

‘துலுக்கன்’ என்பதும் அப்படியே. துருக்கர் என்பதிலிருந்து வந்த சொல். திருவரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கிறது. நம் பகுதி விவசாயி அறிந்த பூவுக்குத் துலுக்கச் செவ்வந்தி என்றே பெயர். ஏச வேண்டும் என்று யாரும் அந்தப் பெயர்களை வைக்கவில்லை. அதே சொல்லை ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும்போது வசையாகிவிடுகிறது. ஆகவே ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து வசையைக் கண்டுபிடிக்க முடியாது. யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார், சொன்னபின் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் மாவட்டம் தரும் பாடம்

இதற்கு எடுத்துக்காட்டு தேடி டெல்லிக்கோ குஜராத்துக்கோ போக வேண்டியதில்லை. நம் தர்மபுரி மாவட்டமே போதும்.

வாச்சாத்தி நமக்குப் பக்கத்து ஊர். அங்கு வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. சந்தன மரக் கடத்தலைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். ‘கடத்தல்காரன்’ என்பது வசைச் சொல்லே அல்ல. ஒரு குற்றத்தைச் செய்தவனைக் குறிக்கும் பெயர். ஆனால் அந்தப் பெயரை ஓர் ஊருக்கே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சூட்டியபோது என்ன நடந்தது? வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். நீதி கிடைக்க 19 ஆண்டுகள் ஆயின. குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2012 நவம்பர் 7 அன்று, நாயக்கன்கொட்டாய் அருகில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் பாழாயின. ஒரு கலப்புத் திருமணம்தான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதையொட்டி மாநிலமெங்கும் ஒரு சொல் பரப்பப்பட்டது: ‘நாடகக் காதல்’. ஜீன்ஸ் போட்டு, டி-சர்ட் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் டாக்டர் இராமதாஸ் பேசினார். ஜீன்ஸ் எல்லாச் சாதி இளைஞர்களும் போடுகிற உடைதானே? ஆனால் கேட்டவர்களில் எவருக்காவது அது யாரைக் குறிக்கிறது என்று சந்தேகம் இருந்ததா? எரிந்த வீட்டுக்காரன் அனுதாபத்துக்கு உரியவனாக இருந்த நிலையை மாற்றி, அவனையே விசாரிக்கப்பட வேண்டியவனாக ஆக்கியது அந்த ஒரே சொல்.

‘நாடகக் காதல்’ தலித் இளைஞனுக்கு என்றால், ‘லவ் ஜிஹாத்’ நமக்கு. 2009 வாக்கில் கேரளத்திலும் கர்நாடகத்திலும் பரப்பப்பட்ட சொல் அது. 2020 பிப்ரவரி 4 அன்று மத்திய உள்துறை அமைச்சகமே, நடப்புச் சட்டங்களில் இப்படி ஒரு சொல்லுக்கு விளக்கம் இல்லை, மத்திய அமைப்புகள் எதுவும் இப்படி ஒரு வழக்கைத் தெரிவிக்கவில்லை என்று மக்களவையில் பதில் அளித்தது. ஆயினும் சொல் சாகவில்லை. இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே தறியில் நெய்த துணி!

நோய்க்கும் மதம் பூசினார்கள்

2020 மார்ச், ஏப்ரலை நாம் மறக்க முடியாது. டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களை வைத்து ‘கொரோனா ஜிஹாத்’ என்று எழுதினார்கள். நம் மாநிலத்தில் அரசு, மதத்தின் பெயர் வரக்கூடாது என்று ‘சிங்கிள் சோர்ஸ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. ஆனால் தினமும் மாலையில் அந்தச் சொல் தொலைக்காட்சியில் வந்தபோது மக்கள் என்ன புரிந்துகொண்டார்கள்? மறைப்பதற்கு வந்த சொல்லே சுட்டிக்காட்டும் விரலாகிவிட்டது. சொல்கிறவரிடம் கெட்ட எண்ணம் இல்லாதபோதும் கேட்கிறவர் மனதில் வெறுப்பு இருந்தால் போதும் என்பதற்கு இது சான்று.

விளைவு வியாபாரத்தில் தெரிந்தது. சென்னை தியாகராய நகரில் ஒரு பேக்கரி, தன்னிடம் முஸ்லிம் ஊழியர் எவரும் இல்லை என்றே விளம்பரம் செய்தது. 2020 மே மாதம் அதன் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்று கூறியது. தீர்ப்பு வருவதற்குள் எத்தனை தள்ளுவண்டிக்காரரின் வாடிக்கை போயிருக்கும்?

மூன்று கேள்விகள்

ஒரு சொல் காதில் விழுந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒருவன் செய்ததை ஒரு சமுதாயம் முழுவதற்கும் ஆக்குகிறதா? வெளிப்படையாகக் கேட்டால் மழுப்பிவிட வசதியாக இருக்கிறதா? அந்தப் பேச்சு பரவியபின் வீடு, வேலை, கடை, பள்ளி இவற்றில் ஏதாவது யாருக்காவது மறுக்கப்படுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அந்தச் சொல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது வசைதான். இல்லை என்றால், தெரியாமல் பேசுகிற பக்கத்துக் கடை அண்ணனோடு சண்டைக்குப் போகாதீர்கள். தெரியாதவருக்குப் புரிய வைப்பது ஒரு வேலை. தெரிந்தே செய்பவரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது வேறு வேலை.

சட்டம் நமக்கு வழி வைத்திருக்கிறது. 2024இல் கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பெங்களூர் கோரிபாளையம் பகுதியைப் பாகிஸ்தான் என்று குறிப்பிட்டார். உச்சநீதிமன்றம் தானாகவே அதை விசாரணைக்கு எடுத்தது. அவர் வருத்தம் தெரிவித்தார். இந்திய மண்ணின் எந்தப் பகுதியையும் எவரும் பாகிஸ்தான் என்று அழைக்க முடியாது என்று செப்டம்பர் 25 அன்று உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சமுதாயங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சுக்கு முன்பு 153ஏ பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு இருக்கிறது.

இளைஞர்களே! வெறுப்பு வீடியோ வந்தால் கோபத்தில் பத்துக் குழுவுக்கு அனுப்பாதீர்கள். அவன் செலவில்லாமல் பரப்ப நீங்கள் உதவுகிறீர்கள். தேதி, இடம், யார் பேசியது, யார் பதிவிட்டது என்று குறித்து வையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளையும் வழக்கறிஞரையும் கலந்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். ‘அஸ்ஸாமு’ என்றவனுக்கு ‘வ அலைக்கும்’ என்ற அளவு பதில் அது.

வணிகர்களே! நம் தராசும் நம் வாக்கும் சரியாக இருக்கட்டும். புரளி பரவும் நாளில் ‘அந்தக் கடைக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை’ என்று சொல்ல முன்வருவது, நேற்றுவரை நம்மிடம் நேர்மையைக் கண்ட வாடிக்கையாளர்தான்.

நம் நாவும் விசாரிக்கப்படும்

கடைசியாக ஒன்று. பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடை செய்கிறது. நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துப் பேசியபோது, உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் இருக்கிறது என்று நபியவர்கள் கண்டித்தார்கள். அபூதர் எவ்வளவு பெரிய மனிதர்! அவருக்கே அந்தக் கண்டிப்பு என்றால் நமக்கு?

நம் கடையில் மூட்டை தூக்கும் பீகார் இளைஞனை ‘வடக்கன்’ என்று கூப்பிடுகிறோமா? தலித் சகோதரனைப் பெயருக்குப் பதில் சாதியால் சுட்டுகிறோமா? உருது பேசுகிறவரைத் தமிழ் பேசுகிறவரும், தமிழ் பேசுகிறவரை உருது பேசுகிறவரும் நையாண்டி செய்கிறோமா? அப்படியானால் நம்மீது எறியப்படும் சொல்லைப் பற்றி முறையிட நமக்கு என்ன தகுதி? நத்தத்தில் எரிந்த வீட்டுக்காக வாய் திறக்காதவன், தன் கடை கொளுத்தப்படும்போது யாரை அழைப்பான்?

பிறர் வசையை அடையாளம் காணும் அறிவையும், நம் நாவைக் கட்டுப்படுத்தும் ஈமானையும், அநீதி எவருக்கு நேர்ந்தாலும் அதற்கெதிராக நிற்கும் உறுதியையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.