சித்திரம் சொல்லும் கதை

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குழந்தைகளின் கதை நூலில் சித்திரம் எதற்காக? பக்கத்தை அழகு செய்வதற்கே என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, கதையில் ஒரு பங்கைச் சித்திரமே சொல்லுகின்றது. இதனையே இன்று கூற விழைகின்றேன்.

சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கின்றது. 1555-ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த மாளிகை அது. 1663-க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் டச்சு அரண்மனை என்றும் வழங்குகின்றது. அதன் பள்ளியறைச் சுவர்களில், தசரதன் வேள்வி தொடங்கி இராமன் அயோத்தி மீள்வது வரை இராமகாதை வண்ணத்தில் விரிகின்றது. அச்சுவர்முன் நிற்கும் சிறுவனுக்கு எழுத்தறிவு வேண்டா. "இவர் யார்? அடுத்து என்ன ஆயிற்று?" என்று அவனே வினவத் தொடங்குகின்றான். வினாப் பிறந்த இடத்தில் கதையும் பிறந்துவிடுகின்றது.

சுவரில் கண்ட இவ்வுண்மையை அச்சிலும் காணலாம். 1947-இல் தோன்றிய 'அம்புலிமாமா' இன்று வருவதில்லை. எனினும் 1952-இல் அதில் சேர்ந்த ஓவியர் சங்கர் தீட்டிய விக்கிரமனை உங்களுள் யார் மறந்திருப்பர்? கையிலே வாள், தோளிலே சடலம். வேதாளம் ஓயாது பேசுகின்றது. மன்னனோ வாய் திறத்தலாகாது. வேதாளத்தின் பேச்சை எழுத்துச் சொல்லிவிடும். மன்னனின் மௌனத்தையோ, "பேசாது நடந்தான்" என்று இரண்டு சொல்லில் கடந்துவிடும். அம்மௌனத்தின் பாரத்தையும் அவனது உறுதியையும் நமக்குக் காட்டியது சித்திரமே. அதே விக்கிரமன் மலையாள 'அம்பிளி அம்மாவ'னிலும் நடந்தான். மொழி இரண்டாயினும் சித்திரம் ஒன்றே.

இதனை இங்கே வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுவோருள்ளும் பலர் தமிழ் எழுத்தறியார். ஒரு தலைமுறையில் செவியளவில் நின்றுவிட்ட மொழி, அடுத்த தலைமுறையில் செவியிலும் நில்லாது போகும். நெடுங்கணக்கைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, ஒரு சித்திர நூலைக் கையில் கொடுத்துப் பாருங்கள். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம், தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல மொழிகளில் அத்தகைய நூல்களை வெளியிட்டுள்ளது.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். நூலைத் திறந்தவுடன் நீங்களே படித்து முடித்துவிடாதீர்கள். முதலில் குழந்தை படத்தைப் பார்க்கட்டும். "இங்கே என்ன நடக்கிறது, கண்ணே?" என்று தமிழிலே கேளுங்கள். சித்திரம் சொல்லியதை அது தன் மழலைத் தமிழில் உங்களுக்குச் சொல்லும். பிறகு படத்தின் கீழுள்ள வரியைச் சுட்டி, "நீ சொன்னதைத்தான் இந்த எழுத்தும் சொல்லுகிறது" என்று கூறுங்கள். அந்தக் கணத்தில் எழுத்து அதற்கு அயலதாய் இராது.

நம் இல்லந்தோறும் ஒரு தமிழ்ச் சித்திர நூலேனும் இருக்கட்டும்!