ஒரே தாள், ஒரே இருபது நிமிஷம்

(மாலை வகுப்புகளில் பாடம் சொல்லித்தரும் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை எழுதுறவன் இங்கிலீஷ் பரிட்சையைப் பத்தி என்ன பேசப்போறான் என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். கவிதை எழுதுகிறவன்தான். காலையில் பத்து மணிக்கு வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனும் நான்தான். அந்த நாற்காலிக்குப் போகிற வழியில் ஆங்கிலம் என்று ஒரு கேட்டு இருக்கிறது. கணக்கில் நல்ல மார்க், ரீசனிங்கில் நல்ல மார்க், ஆங்கிலத்தில் மட்டும் மாட்டிக்கொண்டு திரும்பி வருகிற பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களை அந்த கேட்டைத் தாண்ட வைப்பது எப்படி? இதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கேட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பொதுத்துறை வங்கிகளுக்கான எழுத்தர் தேர்வை 2011 முதல் ஐ.பி.பி.எஸ். நடத்துகிறது. ஸ்டேட் வங்கிக்கு மட்டும் தனித் தேர்வு. ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வுக்கு 100 மதிப்பெண். கணக்கு 35, ரீசனிங் 35, ஆங்கிலம் 30. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம். நான் எழுதிய காலத்தில் கணக்குக் கேள்வியைக்கூட ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்கவேண்டும். 2021இல் முடிவெடுத்து தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளில் கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்லது. ஆனால் ஆங்கிலப் பகுதி ஆங்கிலமாகவே நிற்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேறவேண்டும் என்ற விதி 2024 அறிவிக்கையிலும் இருந்தது. அதாவது ஆங்கிலத்தில் கோட்டுக்குக் கீழே விழுந்தவன் கணக்கில் முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து வாங்கினாலும் வெளியேதான்.

வயதையும் கவனியுங்கள். 20 முதல் 28 வரை. பட்டியல் சாதியினருக்கு 5 ஆண்டுத் தளர்வு. நம் பிள்ளை பட்டம் முடித்து, வீட்டுக்காக இரண்டு வருஷம் ஜவுளிக்கடையிலோ கம்பெனியிலோ நின்று, பிறகு படிக்க உட்காருகிறான். நாட்காட்டி அவனுக்காக நிற்காது. நாம் சொல்லித்தருகிற விதம் தப்பாக இருந்தால் அவனுடைய ஒரு வருஷம் போகிறது. பிறகு இன்னொரு வருஷம். இங்கே பணயம் வைக்கப்படுவது அதுதான்.

"எல்லாருக்கும் ஒரே தாள்தானே சார், ஒரே இருபது நிமிஷம்தானே, இதுல எங்க வந்துது சாதி?" வங்கியில் கூடவே டீ குடிக்கிற நண்பர்கள் கேட்கிற கேள்வி இது. தேர்வு என்பது பொதுத் தராசு இல்லை என்பதை நம் முன்னோர் எப்போதோ பேசிவிட்டார்கள். 1890களில் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்துவது போல இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த மனுவின் முடிவோடு இன்றைக்கு நீங்கள் உடன்படலாம், மறுக்கலாம். படிப்பை ஒரு கூட்டம் தலைமுறை தலைமுறையாக வளைத்துப் போட்டிருக்கும் ஊரில், தேர்வு நடத்தினால் நாற்காலி யாருக்குப் போகும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் சாகவில்லை.

இதே கேள்வி கடல் தாண்டி ஒரு நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில், ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் 2,856 பேர். அதில் சுமார் 1,000 பேருக்குத்தான் ஆங்கிலத்துக்கென்று தனிப்பயிற்சி. மிச்சம் 1,800 பேர் வாத்தியார் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், இதில் பாகுபாடு எங்கே என்றது எதிர்த்தரப்பு. கீழ் நீதிமன்றங்களும் தலையாட்டின. 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் திருப்பிப் போட்டது. மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே வாத்தியாரையும் கொடுத்துவிட்டு, சமமாக நடத்தினோம் என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் சாரம். லாவ் - நிக்கல்ஸ் வழக்கு என்பார்கள். தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நின்றது தெரியுமா? 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிவாங்கிப் பெற்ற சட்டம். ஒரு ஒடுக்கப்பட்ட கூட்டம் போட்ட பாதையில் இன்னொரு கூட்டம் நடந்து போயிருக்கிறது.

அந்த நாட்டிலிருந்தே ஒரு எச்சரிக்கையும் எடுத்துக்கொள்ளவேண்டும். கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு வைக்கிறார்கள். 2018 முதல் அதற்குப் பெயர் எல்பாக். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு திறன், நான்கு படிநிலை. மேல்படிக்கு வராமல் ஆறேழு வருஷம் தேங்கிவிட்ட பிள்ளைக்கு 'நீண்டகால ஆங்கிலம் கற்பவர்' என்று ஒரு முத்திரை. உதவி செய்ய ஏற்படுத்திய பட்டியல், சில பிள்ளைகளுக்கு வெளியே வரமுடியாத அறையாகிவிடுகிறது என்று அங்குள்ள ஆசிரியர்களே விமர்சிக்கிறார்கள். நம் மாலை வகுப்பிலும் 'வீக் பேட்ச்' என்று ஒன்றை உட்கார வைக்கிறோமே, அதை யோசித்துப் பாருங்கள். ஒரு தனியார் பயிற்சி மையத்தில் முதல் நாளே "தமிழ் மீடியமெல்லாம் பின்னால உக்காருங்க" என்றார்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். முதல் நாளே இடம் ஒதுக்கிவிடுவது நமக்கு வேறெங்கோ பழக்கமான விஷயம் இல்லையா? அந்த வேலையை இயக்கத் தோழர்கள் செய்யக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்?

முதல் விஷயம், காலத்தைப் பற்றி உண்மை பேசுவது. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். பேசிப் பழகுகிற மொழி வேறு, பாடமும் தேர்வும் கேட்கிற மொழி வேறு. அங்கே குடியேறிய பிள்ளைகளுக்குப் பேச்சு இரண்டு வருஷத்தில் வந்துவிடுகிறது. பாட மொழியில் மற்றவர்களுக்குச் சமமாக வர ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகிறது. சுற்றிலும் ஆங்கிலம் ஒலிக்கிற ஊரிலேயே இந்தக் கதி. நம் தெருவில் நிலைமை என்ன? ஆகவே முப்பது நாளில் ஆங்கிலம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவன் பொய் சொல்கிறான். நமக்கு வேண்டியது ஆங்கிலத்தின் கரை காண்பது இல்லை. எழுத்தர் தேர்வு கேட்கிற வாசிப்பும் அடிப்படை இலக்கணமும்தான். அதற்கும் தினசரி உழைப்பு வேண்டும். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லை தெரிந்தால் பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது, வகுப்பில் தமிழுக்குத் தடை போடாதீர்கள். தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்கிற கூத்தெல்லாம் நமக்கு வேண்டாம். நம் பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது என்று யார் சொன்னது? வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள் என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் பாலும் எண்ணும் பிசகாமல் பேசுகிறவன் அவன். ஆங்கில வினையில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. நிகழ்காலத்தில் ஒருமைப் படர்க்கைக்கு மட்டும் ஒரு 'எஸ்' ஒட்டவேண்டும், அவ்வளவுதான். "உன் மொழியில் இதைவிடக் கஷ்டமானதை நீ மூணு வயசிலேயே முடிச்சிட்ட" என்று சொல்லி ஆரம்பியுங்கள். பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் தமிழை வைத்தே காட்டலாம். 'இரண்டு வருஷமா இங்க இருக்கேன்' என்பதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதுகிறான். தமிழில் நிகழ்காலமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன் லிவிங்' வேண்டும். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'. தமிழில் 'ஏ', 'தி' போன்ற சொற்கள் கிடையாது, அதனால் விட்டுவிடுகிறான். தமிழில் 'க்கு', 'இல்' எல்லாம் பெயருக்குப் பின்னால் ஒட்டும், ஆங்கிலத்தில் முன்னால் தனியாக நிற்கும். தமிழில் வினை கடைசியில் வரும், அங்கே நடுவில். பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் நம் பிள்ளை வழுக்குகிறான். இதற்கு மந்திரம் வேண்டாம். இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட ஒரு கரும்பலகை போதும்.

மூன்றாவது, வாசிப்பு. ஆங்கிலப் பத்திரிகையை முதல் நாளே கையில் கொடுத்து வாசி என்றால் மூடி வைத்துவிடுவான். முதலில் ஒரு செய்தியைத் தமிழ் நாளிதழில் வாசிக்கட்டும், விவாதிக்கட்டும். பிறகு அதே செய்தியை ஆங்கிலத்தில். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தது என்கிற விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தால், தெரியாத சொல்லின் பொருள் பக்கத்துச் சொற்களிலிருந்தே வெளியே வந்துவிடும். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கும், கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்துவதற்கும் இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும். அகராதியை மனப்பாடம் செய்தவனுக்கு அது கைகூடாது. ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும். வாய்விட்டு வாசிக்கவேண்டும். தேர்வில் பேச்சுக்கு மார்க் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். வாயில் நின்ற வாக்கியம்தான் அவசரத்தில் கண்ணுக்குப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, பிழை நோட்டு. மாதிரித் தேர்வு வைத்து, முப்பதுக்குப் பதினொன்று என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது பாடம் ஆகாது. அந்தப் பத்தொன்பது ஏன் போனது? சொல் தெரியலையா, விதி தெரியலையா, கேள்வியைச் சரியாப் படிக்கலையா, நேரம் போதலையா? நான்கு பத்தி போட்டு ஒவ்வொரு பிள்ளையும் எழுதட்டும். மூன்று மாதிரித் தேர்வு முடிந்தால் யாருக்கு எது வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். நேரத்தால் தோற்கிறவனுக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ஐந்தாவது, கணக்கு. இது என் தொழில், கேளுங்கள். ஒரு கேள்விக்கு ஐந்து விடைகள். தப்பானால் கால் மதிப்பெண் போகும். ஒன்றுமே தெரியாமல் இருபது கேள்விக்குக் குருட்டாம்போக்கில் அடித்தால் சராசரியாக நான்கு சரி, பதினாறு தப்பு. வந்தது நான்கு, போனதும் நான்கு. கையில் பூஜ்யம். ஆனால் ஐந்தில் இரண்டை நிச்சயமாகத் தப்பு என்று தள்ள முடிந்த கேள்விகள் பன்னிரண்டு இருந்தால்? சராசரியாக நான்கு சரி, எட்டு தப்பு. நான்கு வந்து இரண்டு போகிறது. கையில் இரண்டு. பாதி தெரிந்த கேள்வியைத் தொடு, ஒன்றும் தெரியாததை விடு. முப்பது கேள்விக்கு இருபது நிமிஷம் என்றால் ஒன்றுக்கு நாற்பது நொடி. ஒரே கேள்வியில் இரண்டு நிமிஷம் மல்லுக்கட்டுகிறவன் மூன்று கேள்வியைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறான். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் அண்ணன் சொல்லித்தருகிறான், மாமா சொல்லித்தருகிறார். நம் பிள்ளைக்கு நாம்தான் அண்ணன், நாம்தான் மாமா.

இன்னொன்று. நம் வகுப்புகளெல்லாம் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் நடக்கின்றன. அந்த நேரத்தில் வீட்டில் சோறு வடிக்கிறது யார்? தண்ணி பிடிக்கிறது யார்? தங்கச்சிகள் வரவில்லை, ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதுகிறோம். வகுப்பின் நேரத்தை யார் தீர்மானித்தார்கள் என்று எழுதுவதில்லை. ஞாயிறு காலையோ, அவர்கள் தெருத் திண்ணையோ, அவர்களுக்குத் தோதான நேரமும் இடமும் எது என்று அவர்களிடமே கேளுங்கள்.

கடைசியாக ஒரு விவாதம். ஆங்கிலம் வேண்டும் என்றால் தமிழ்த் துரோகி என்பார்கள். மேடையில் தாய்மொழி முழக்கம், பேரப்பிள்ளைக்கு கான்வென்ட் என்று வாழ்கிற கனவான்கள் நமக்கு மொழிப்பற்று கற்றுத்தர வேண்டியதில்லை. மறுபக்கம், ஆங்கிலமே விடுதலை என்கிற குரலும் இருக்கிறது. 2010இல் உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்கிற கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் எழுப்ப முனைந்தார் சந்திரபான் பிரசாத். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கும்பிடுதான் இடிக்கிறது. அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார், ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தார். திரும்பி வந்து 1920இல் தன் மக்களுக்காகத் தொடங்கிய 'மூக்நாயக்' மராத்தியில்தான் வந்தது. எந்த மொழியில் யாரிடம் பேசவேண்டும் என்று அவரே தீர்மானித்தார். அந்தத் தீர்மானிக்கிற அதிகாரம்தான் நமக்கு வேண்டும். நான் கவிதையைத் தமிழில் எழுதுகிறேன். வங்கி எனக்கு அனுப்புகிற சுற்றறிக்கையை ஆங்கிலத்தில் படித்து, அதில் என் மக்களுக்குச் சேரவேண்டியது என்ன இருக்கிறது என்று தேடுகிறேன். இரண்டும் ஒரே ஆள் செய்கிற வேலை.

தோழர்களே, தாளை மாற்றச் சொல்லி, அந்தத் தனிக்கோட்டை எடுக்கச் சொல்லி, அரசுப் பள்ளியில் ஆங்கிலத்துக்குத் தகுந்த ஆசிரியர் கேட்டுப் போராட வேண்டியது இருக்கிறது. போராடுவோம். ஆனால் அது முடிகிற வரைக்கும் முப்பத்திரண்டு வயசுத் தம்பி காத்திருக்க முடியாது. இங்கே நாற்பது பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பொறுப்பெடுங்கள். நாளைக்கு ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்து, நான்கு பத்தி கோடு போட்டுக் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டுகளோடு வாருங்கள். பேச்சை விட்டுவிட்டு, உட்கார்ந்து அதைப் படிப்போம்.