பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையே



பேச்சு ஒரு வயல். பாட்டு மற்றொரு வயல். இரண்டிற்கும் இடையே ஒரு வரப்பு உண்டு. அவ்வரப்பின்மேல் நடக்கும் கலையைப் பற்றியது இவ்வுரை.

தமிழ் யாப்பிலக்கணம் இக்கலையை நன்கு அறிந்திருந்தது. வெண்பாவின் ஓசையைச் செப்பல் என்றது. செப்பல் என்றால் சொல்லுதல். ஆசிரியப்பாவின் ஓசையை அகவல் என்றது. அகவல் என்றால் அழைத்தல். பாவின் ஓசைக்கே பேச்சின் பெயர்களை இட்டனர் முன்னோர். அப்பரடிகளின் திருத்தாண்டகத்தை ஓதுவார்கள் தாளக் கட்டின்றிச் சுத்தாங்கமாக ஓதுவர். அங்கே பண் உண்டு. ஆயினும் நடையை வகுப்பது சொல்லே. கூத்தில் பாடப்படும் விருத்தமும் அத்தகையதே.

பூலாம்பாடியைச் சூழ்ந்த பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு இஃது அயலன்று. உ. வே. சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் அரண்மனைப் பாடகர் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அரியலூர், குன்னம் பகுதிகளில் அவர் அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொன்னதை ‘என் சரித்திரம்’ காட்டுகிறது. கதை சொல்வோரின் வசனம் மெல்ல உயர்ந்து விருத்தமாகும். விருத்தம் கனிந்து கீர்த்தனையாகும்.

மேலைநாட்டிலும் இதே தேடல் நிகழ்ந்தது. கிரேக்க நாடகத்தின் குரலை மீட்க விழைந்த பிளாரன்சு நகரக் கலைஞர்கள், பேச்சின் ஏற்ற இறக்கத்தையே இசையாக்கினர். அதிலிருந்து ஆப்பெரா பிறந்தது. மாண்டெவெர்தியின் ‘ஓர்ஃபெயோ’ 1607இல் அரங்கேறியது. தேவாலய இசையிலும் இம்முறை ஓங்கியது. பாக் இயற்றிய மத்தேயு திருப்பாடுகளில் நற்செய்தியாளர் கதையைப் பேசுவதுபோலவே பாடுவார். இயேசு பாடும்போதெல்லாம் வயலின்கள் ஒளிவட்டம்போல் உடன் ஒலிக்கும். இறைவன் தம்மைக் கைவிட்டதாக அவர் கதறும் இடத்தில் மட்டும் அவை ஓய்ந்துவிடும். சொல் தனித்து நிற்கும். கேட்போர் நெஞ்சு நடுங்கும்.

கவிஞர்கள் எண்ண வேண்டிய இடம் இது. இன்று கவிதையைச் செய்தி அறிக்கைபோல் வாசிப்போர் உளர். கைத்தட்டலை வேண்டி ஓரடியை மும்முறை முழங்குவோரும் உளர். முன்னவர் ஓசையை இழக்கின்றனர். பின்னவர் பொருளை இழக்கின்றனர். யாப்பைத் துறந்த புதுக்கவிதைக்கும் மூச்சு உண்டு. எவ்விடத்தில் குரல் உயர வேண்டும், எவ்விடத்தில் அடங்க வேண்டும் என்பதைச் சொல்லே உணர்த்தும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் கவிஞர், எந்தச் சொல் மிகை என்பதைத் தம் செவியாலேயே அறிவார்.

வரப்பு குறுகியதுதான், எனினும் இரு வயல்களுக்கும் நீர் அதன் வழியே பாய்கிறது. அதை வெட்டிவிடாமல் காப்பது கவிஞர் கடன்.