உறைநிலத்தின் கணக்கு

அம்பர்நாத்தில் உள்ள பழைய சிவாலயத்தை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். சிலாஹார மன்னர் காலத்தில், 1060-ஆம் ஆண்டில் எழுந்த கற்கோயில் அது. மண்டபத்தினின்றும் படிகளில் கீழிறங்கித்தான் அதன் கருவறையை அடைதல் வேண்டும். மே மாதத்து நண்பகலில் ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து வந்து அப்படிகளில் இறங்குவோர்க்கு வெளியின் அனல் தணிவது புலனாகும். நம் ஊர்க் கிணறுகளில் இறங்கித் தூரெடுத்தவர்களும் இதனை அறிவர். மேலே கோடை கொளுத்தினும் கீழே தண்மை நிலவும். மார்கழி விடியலிலோ கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். மேற்பரப்பின் வெப்பமும் குளிரும் மண்ணுக்குள் மெல்ல மெல்லத்தான் இறங்குகின்றன. இறங்க இறங்க வலிவிழக்கின்றன. பத்து முதல் இருபது மீட்டர் ஆழத்திற்குக் கீழே, இது கோடை, இது குளிர்காலம் என்ற வேறுபாடே தெரிவதில்லை. இந்த எளிய உண்மையைத் துணைக்கொண்டு, உலகின் வடகோடியில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒரு கணக்கெடுப்பைப் பற்றி இன்று பேசக் கருதுகிறோம்.

வடதுருவத்தைச் சூழ்ந்துள்ள நிலங்களில், மரங்களே வளராத பரந்த வெளிகள் உள. பாசியும் புல்லும் குறும்புதரும் மட்டுமே படர்ந்த அவ்வெளிகளைத் தூந்திரப் பிரதேசம் என்பர். அங்கே கோடையில் ஓர் ஆள் மண்வெட்டி கொண்டு தோண்டினால், முழங்கால் அளவு ஆழத்தில் மண்வெட்டி 'ணங்' என்று ஒலித்து நின்றுவிடும். தடுத்தது பாறையன்று, பாறைபோல் உறைந்து கிடக்கும் மண்ணே. இவ்வாறு தொடர்ந்து ஈராண்டுகளுக்குக் குறையாமல் பூஜ்யம் டிகிரி சென்டிகிரேடிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தையே ஆராய்ச்சியாளர் தனிப்பெயரிட்டு வழங்குகின்றனர். வடபாதி உலகின் நிலப்பரப்பில், பனிப்பாளம் மூடாத பகுதியில், ஏறக்குறைய 100-க்கு 15 பங்கு இத்தகையது.

இதற்குத் தமிழில் என்ன பெயரிடுவது? மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வினா பொழுதுபோக்கன்று. ரஷ்யர்கள் இதனை 'என்றுமுள்ள உறைவு' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். 1943-இல் அமெரிக்கர் ஒருவர் 'நிரந்தரம்', 'உறைவு' என்னும் இரண்டு சொற்களை ஒட்டி 'பெர்மாஃப்ராஸ்ட்' என்று புதுச்சொல் ஆக்கினார். அதனை அப்படியே பெயர்த்து 'நிரந்தர உறைபனி' என எழுதுவோர் நம்மிடையே உண்டு. ஆனால் இலக்கணம் கேட்பது ஈராண்டு உறைவை மட்டுமே. நிரந்தரம் என்ற அடைமொழி நிலம் தராத ஒரு வாக்குறுதியைத் தருகிறது. ஆதலால் இப்பேச்சில் 'உறைநிலம்' என்றே சொல்வோம். கோடையில் இளகி, குளிர்காலத்தில் மீண்டும் இறுகும் மேற்பகுதியை 'இளகும் மேலடுக்கு' என்போம். இது சில இடங்களில் ஒரு முழத்திற்கும் குறைவு. வேறு சில இடங்களில் பல மீட்டர்.

உறைநிலத்தின் ஆழத்தை மனிதன் அறிந்த வரலாறு சுவையானது. 1828-ஆம் ஆண்டில், சைபீரியாவின் யாக்கூத்ஸ்க் நகரில், வணிகக் கம்பெனி ஒன்றின் அலுவலராகிய ஷெர்கின் என்பார் குடிநீர் வேண்டிக் கிணறு வெட்டத் தொடங்கினார். ஆண்டுதோறும் வெட்டினார்கள், மண் உறைந்தே இருந்தது. 1837-இல் ஆழம் 116 மீட்டரைத் தாண்டியபோதும் நீர் ஊறவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே புறப்பட்டது ஒரு விஞ்ஞானம். 1840-களில் மிட்டெண்டார்ஃப் என்னும் இயற்கை ஆய்வாளர் அக்கிணற்றில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். கீழே செல்லச் செல்லக் குளிர் குறைந்து வருவதைக் கண்டார். நீர் தராத அக்கிணறு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

இன்றைய அளவை முறையோ மிக எளியது. 1991-இல் தொடங்கிய இளகும் அடுக்குக் கண்காணிப்புத் திட்டத்தில், பல நாட்டு ஆய்வாளர்கள் ஒரே முறையைக் கைக்கொள்கின்றனர். நிலத்தில் ஒரு சதுரம் வகுத்து, அதனைக் கட்டங்களாகப் பிரித்து, 121 புள்ளிகளைக் குறித்துக்கொள்வார்கள். கோடை முடியுந் தறுவாயில், உலோகக் கம்பி ஒன்றை ஒவ்வொரு புள்ளியிலும் மண்ணுள் செலுத்துவார்கள். கம்பி எங்கே தடைபட்டு நிற்கிறதோ, அதுவரை அவ்வாண்டு நிலம் இளகியது என்று பொருள். அவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த புள்ளிக்கு நகர்வார்கள். அடுத்த ஆண்டும் அதே இடம், அதே பருவம், அதே கம்பி. இத்தகைய தளங்கள் இன்று 200-க்கும் மேல் உள்ளன.

'இதற்கு ஏன் பல்லாண்டு வேண்டும்? ஓர் ஆண்டு அளந்தால் போதாதா?' என்று கேட்கலாம். போதாது. ஓர் ஆண்டு கோடை நீளும். மற்றோர் ஆண்டு மழை மிகும். பனிப்பொழிவோ இன்னும் விந்தையானது. அது நிலத்தைக் குளிரச் செய்யும் என்றே நாம் எண்ணுவோம். உண்மையில் தளர்வாகக் குவிந்த பனி ஒரு கம்பளியைப் போன்றது. குளிர்காலத் தொடக்கத்திலேயே அது கனமாக மூடிவிட்டால், மண்ணின் வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கும். ஆகவே காற்றின் வெப்பநிலை ஒன்றேயாயினும் நிலத்தின் நிலை வேறுபடும். ஏற்றமும் இறக்கமுமாக வரும் எண்களுக்கிடையே உண்மையான போக்கு எதுவென்று காண, இருபது முப்பது ஆண்டுக் கணக்கு வேண்டும்.

கம்பியும் சில வேளை ஏமாற்றும். உறைநிலத்தினுள் கட்டி கட்டியாகப் பனி இருக்குமாயின், அது உருகி வடிந்தபின் மேலே உள்ள தரையே அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த தரையிலிருந்து அளப்பவர்க்கு, இளகிய ஆழம் சென்ற ஆண்டைப் போலவே தோன்றும். நிலமோ ஒரு சாண் இறங்கியிருக்கும். அளப்பவனும் சேர்ந்து இறங்கும்போது இறக்கம் தெரிவதில்லை. ஆதலின் அசையாத முளை ஒன்றை உறைநிலத்தில் ஆழ ஊன்றி, தரையின் உயரத்தையும் அதனோடு ஒப்பிட்டு வருகிறார்கள்.

பருவ வேறுபாடு எட்டாத ஆழத்தை அறியத் துளைக்கிணறுகள் உதவுகின்றன. அங்குள்ள வெப்பநிலை, மேலே கடந்துபோன பல பத்தாண்டுகளின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அலாஸ்காவின் வடபகுதியில் எண்ணெய் தேடித் துளைத்த கிணறுகளை ஆராய்ந்தவர்கள், கடந்த சில பத்தாண்டுகள் முதல் ஒரு நூற்றாண்டுக் காலத்திற்குள் நிலத்தின் மேற்பரப்பு 2 முதல் 4 டிகிரி வரை வெப்பமடைந்தது என 1986-இல் அறிவித்தனர். பின்னர் உலகெங்கும் உள்ள துளைக்கிணறுகளின் கணக்கைத் தொகுத்துப் பார்த்தபோது, 2007 முதல் 2016 வரையான பத்தாண்டில் உறைநிலத்தின் வெப்பநிலை சராசரியாக 0.29 டிகிரி உயர்ந்திருந்தது. கால் டிகிரி சற்றே மிகுந்தால் என்ன என்று தோன்றலாம். பூஜ்யத்திற்குச் சற்றுக் கீழே நிற்கும் மண்ணுக்கு அதுவே கல்லுக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாடு.

நீண்ட கணக்கின் அருமையை உணர நாம் வடதுருவம் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் பம்பாயிலேயே, கொலாபா வானிலைக் கூடத்தில், 1840-கள் முதல் பூமியின் காந்த அளவுகளைக் குறித்து வந்தார்கள். நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கினால் கருவிகள் குழம்பும் என அறிந்து, 1904-இல் அலிபாகில் புதிய கூடம் அமைத்தனர். பழைய கணக்கும் புதிய கணக்கும் இசைய வேண்டுமென்று ஈராண்டுகள் இரு இடங்களிலும் ஒருங்கே அளந்தனர். 1859 செப்டம்பரில் பெரும் காந்தப் புயல் ஒன்று வீசியபோது, கொலாபாவில் இருந்தோர் அதனையும் குறித்து வைத்தார்கள். அக்குறிப்பை ஆராய்ந்து அப்புயலின் வலிமையை 2003-இல் விஞ்ஞானிகள் கணித்தனர். எழுதியவருக்கும் பயன்கொண்டவருக்கும் இடையே 144 ஆண்டுகள்!

நம் நாடு உறைநில ஆராய்ச்சியினின்றும் விலகி நிற்கவில்லை. நார்வேக்குரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், வடதுருவத்தினின்றும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், 2008-இல் 'ஹிமாத்ரி' என்ற ஆய்வுநிலையத்தை இந்தியா நிறுவியது. 2023 டிசம்பர் முதல் நம்மவர் இருள் சூழ்ந்த குளிர்காலத்திலும் அங்குத் தங்கி ஆராய்கின்றனர். இமயத்திலும் உறைநிலம் உண்டு. லடாக்கில், லே நகருக்கு மேலே கார்துங் கணவாய்ச் சாலையை ஒட்டி, 4,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 2015 முதல் 2017 வரை நிலத்தின் வெப்பத்தை அளந்து, அங்கு உறைநிலம் இருப்பதற்கான சான்றுகளை நம் நீரியல் ஆய்வாளர்கள் கண்டனர். அச்சாலைகளைக் காப்பவர்களிலும் அங்கே காவல் புரிபவர்களிலும் தமிழர் உளர். மலைச்சரிவின் உறைந்த மண் இளகினால், அது தாங்கி நிற்கும் கல்லும் சாலையும் நிலைபெயரும். இமயத்தின் கணக்கு இப்போதுதான் தொடங்கியுள்ளது. அதனை இடைவிடாது தொடர்வது நாம் செய்யக் கடமைப்பட்ட காரியம்.

உறைநிலம் இளகுவதன் விளைவு அங்குள்ளாரோடு முடிவதன்று. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்காமல் உறைந்துபோன புல்லும் பூண்டும் வேரும் அம்மண்ணில் உள. அவற்றில் அடங்கிய கரி, வடபகுதியில் மட்டும் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன். அதாவது காற்று மண்டலத்தில் உள்ளதைப்போல் சுமார் இருமடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். கரிவாயுவும் மீத்தேனும் வெளிப்படும். உலகு மேலும் வெம்மையுறும். இது ஒரு நாளில் நிகழும் வெடிப்பன்று. பல பத்தாண்டுகளில் நிகழும் கசிவு. கடலோரம் வாழும் பம்பாய் மக்களுக்கும் சென்னை மக்களுக்கும் இதில் பங்குண்டு.

எனினும் நம் நெஞ்சில் தைப்பது ஒரு சிற்றூரின் கதை. அலாஸ்காவில் ஆற்றங்கரையில் நியூட்டாக் என்னும் ஊர் இருந்தது. யூப்பிக் குலத்தார் சில நூறு பேர் அங்கு வாழ்ந்தனர். கீழிருந்த உறைநிலம் இளகியது. கரை இடிந்து ஆறு வீடுகளை நெருங்கியது. 14 கிலோமீட்டருக்கு அப்பால் உயர்ந்த பாறைநிலத்தில் மெர்ட்டார்விக் என்ற புதிய ஊரை அமைத்து, 2019 முதல் குடும்பம் குடும்பமாகக் குடிபெயர்ந்தனர். 2024-இல் எஞ்சியோரும் வந்து சேர்ந்தனர்.

இடம்பெயர்தல் நாம் அறியாததன்று. தொழில் தேடித் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் அம்பர்நாத்துக்கும் வந்தவர்கள் நாம். ஆயினும் நாம் விட்டுவந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோயில் கொடைக்குத் திரும்பினால், அதே தெரு, அதே குளக்கரை, அதே கிணற்றடி. நியூட்டாக் மக்களுக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. ஊர் நின்ற தரையே கரைகிறது. ஆனால் நிலம் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளந்த கணக்கு அவர்களிடம் இருந்தது. அக்கணக்கு ஊரைக் காக்கவில்லை. காலத்தே புறப்பட வேண்டுமென்று உணர்த்தி மக்களைக் காத்தது.

நம்மால் ஆவது யாது? நம் குடியிருப்பில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருக்குமாயின், மழைக்கு முன்னும் பின்னும் அதன் நீர்மட்டத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டுக் குறிக்கும்படி நம் பிள்ளைகளிடம் கூறலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அங்குள்ள கிணற்றையும் அளந்து வரச் சொல்லலாம். முதல் ஆண்டில் அது வெறும் எண். பத்தாம் ஆண்டில் அது செய்தி. முப்பதாம் ஆண்டில், அதனைத் தொடங்கியவர் வேறு ஊரில் இருந்தாலும், அந்தத் தெருவுக்கே அது வழிகாட்டும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், எந்த இடத்திலிருந்து அளந்தோம் என்பதைத் தெளிவாக எழுதி வைக்க மட்டும் மறத்தல் கூடாது.