பல் வைத்தியமும் பில்லும்

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போன வருஷம் இதே மேடையில் வங்கிக் கடன் இணைப்பு பற்றிப் பேசினாங்க. அதுக்கு முந்தின வருஷம் கறவை மாடு. எனக்குக் கொடுத்த தலைப்பு பல். தலைப்பைச் சொன்னதும் எங்க குழுவில் எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சவங்க வாயில எத்தனை பல்லு சொத்தைன்னு நான் எண்ணிட்டுதான் வந்திருக்கேன்.

நம்ம வீடுகளில் முதலில் பிள்ளைக்கு வைத்தியம், அப்புறம் வீட்டுக்காரருக்கு, அப்புறம் மாமியாருக்கு, கடைசியில்தான் நமக்கு. அந்தக் கடைசியிலும் கடைசி பல்லு. கிராம்பு வைப்போம், உப்புத் தண்ணி கொப்பளிப்போம், மெடிக்கல்ல ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு நடவுக்கோ மீன் விக்கவோ போயிடுவோம். கன்னம் வீங்கின பிறகுதான் டாக்டர். அந்த நேரத்தில் வலி தாங்காம போய் உட்கார்ந்தா, என்ன சொன்னாலும் தலையாட்டுவோம். பணத் தகராறு எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்குது.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். அந்த கிளினிக் பேரை இங்கே சொல்லப் போறதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனையோ கிளினிக் இருக்கு, நல்லா பாக்குறவங்களும் இருக்காங்க.

கீழ் வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப் பல்லு. பார்த்துட்டு ரூட் கேனால் பண்ணணும், 4,500 ரூபாய், கேப் தனின்னு சொன்னாங்க. சரின்னேன். குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் எடுத்தேன். தீர்மானப் புத்தகத்தில் 'மருத்துவச் செலவு'ன்னு எழுதியிருக்கு, வேணும்னா பார்க்கலாம். என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை செய்றார். கூலி வந்த வாரம் உண்டு, வராத வாரமும் உண்டு. அதனால அந்தக் கடன் எங்களுக்குச் சின்னக் கடன் இல்ல.

மூணு தடவை போனேன். கடைசி நாள் கேப் போட்ட பிறகு, முன்னாடி உட்கார்ந்திருந்த பொண்ணு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிச்சு. ரூட் கேனால் 4,500. கேப் 6,000. பல்லு சுத்தம் பண்ணினது 1,500. எக்ஸ்ரே நாலு, ஒண்ணு 300, ஆக 1,200. போஸ்ட் 2,500. கூட்டினா 15,700. அதுக்கு மேல டாக்ஸ் 18 சதவீதம், 2,826. மொத்தம் 18,526 ரூபாய்.

போஸ்ட்னா என்னன்னு கேட்டேன். பல்லு உடையாம இருக்க உள்ளே ஒரு கம்பி மாதிரி வைப்பாங்களாம். 'வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லலையேம்மா'ன்னேன். 'டாக்டர் சொல்லியிருப்பாரு'ன்னு சொல்லிட்டு அடுத்தவங்களைக் கூப்பிட்டுது. 10,000 ஜிபே பண்ணேன். மிச்சம் 8,526 வீட்டுக்காரருக்கு போன் போட்டு ரொக்கமா வரவழைச்சுக் கொடுத்தேன். பில் கேட்டேன். சிஸ்டம் வேலை செய்யல, அப்புறம் வாங்கன்னாங்க. நான் அந்தத் துண்டுச் சீட்டை போனில் போட்டோ எடுத்துக்கிட்டேன். குழுக் கணக்கு எழுதுற கை, அது சும்மா இருக்காது.

இருபது நாள் கூட ஆகல. சோறு சாப்பிடும்போது கேப் கழண்டு கையில் வந்துடுச்சு. வலியும் திரும்ப வந்தாச்சு, ராத்திரியில் காது வரைக்கும் இழுக்குது. போய்க் கேட்டா, கேப் புதுசா போட இன்னொரு 6,000 ஆகும்னு சொன்னாங்க. வலிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தாங்க. பில்லுக்கு அன்னைக்கும் சிஸ்டம் வேலை செய்யல.

அப்புறம்தான் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் வழியா பஸ், வரிசை, ஓ.பி. சீட்டு, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பல் பிரிவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, யாரையும் குறை சொல்லல. படத்தை வெளிச்சத்தில் காட்டி, 'பாரும்மா, இந்தப் பல்லுக்குள்ள பாதை மூணு நாலு இருக்கும். மருந்து அடைச்ச இடம் வெள்ளையாத் தெரியும். இதுல ஒண்ணு வெறுமையா இருக்கு'ன்னாங்க. 'போஸ்ட் வெச்சாங்களாமே மேடம்?'னு கேட்டேன். போஸ்ட் இருந்தா தடியா வெள்ளைக் கோடு தெரியுமாம். அங்கே எதுவும் இல்ல. ரெண்டையும் ஓ.பி. சீட்டில் எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன், எழுதிக் கொடுத்தாங்க.

அக்காமார்களே, இந்த இடத்தைக் கவனமாக் கேளுங்க. வைத்தியம் பார்த்த பிறகும் வலி இருக்குங்கறதால டாக்டர் தப்பு பண்ணிட்டார்னு ஆகாது. ரூட் கேனால் ஒழுங்காச் செஞ்சாலும் சில பல்லு சரியாகாது. டாக்டர் கவனமாகச் செஞ்சும் பலன் வரலைன்னா அது கேஸ் இல்லை. கவனமே இல்லாமச் செஞ்சதுதான் கேஸ். அதை நம்ம வாயால சொன்னா நிக்காது, இன்னொரு டாக்டர் பார்த்து எழுதினது வேணும். சண்டை போடறதுக்கு முன்னாடி ஓ.பி. சீட்டுக்கு நிக்கிறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன்.

'படிச்ச டாக்டரை எதிர்த்து நம்மால என்ன பண்ண முடியும்?'னு எங்க தெருவிலேயே கேட்டாங்க. அதுக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தது 1986ல. டாக்டர்கிட்ட காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறது இதுக்குள்ள வருமா வராதான்னு ரொம்ப நாள் சண்டை. நம்ம சென்னை உயர் நீதிமன்றமே 1994ல வராதுன்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. 1995 நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம், காசு வாங்கிப் பார்க்கிற வைத்தியம் சேவைதான், அது சட்டத்துக்குள்ள வரும்னு சொல்லிடுச்சு. எல்லாருக்கும் இலவசமாவே பார்க்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது. இப்ப இருக்கிறது 2019ஆம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிச்சது: சேவை செஞ்சுட்டு பில்லோ ரசீதோ தராம இருக்கிறதே நியாயமற்ற வணிக நடைமுறை. அதாவது, 'சிஸ்டம் வேலை செய்யல'ங்கறது பதில் ஆகாது.

புகாரை நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நமக்கு செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கொடுத்த காசு 5 லட்சத்துக்குள்ள இருந்தா கட்டணம் கிடையாது. வக்கீல் வெச்சுத்தான் ஆகணும்னும் இல்ல. பிரச்சினை வந்த நாளிலிருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும், அது மட்டும் தப்பக் கூடாது.

அந்த டாக்ஸ் விஷயம். நம்ம கூட்டமைப்புக் கணக்கைத் தணிக்கை பண்ண வந்த ஆடிட்டர் சார்கிட்ட சீட்டைக் காட்டினேன். பார்த்ததும் சிரிச்சுட்டார். நோய்க்குப் பார்க்கிற வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாதும்மா, அழகுக்காகச் செய்யறதுக்குத்தான் உண்டுன்னார். சொத்தைப் பல்லு என்ன அழகு!

கிளினிக்குக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். எந்தத் தேதியில் போனேன், எவ்வளவு கொடுத்தேன், என்ன செஞ்சதாச் சொன்னாங்க, அரசு ஆஸ்பத்திரியில் என்ன பார்த்தாங்க, எனக்கு என்ன வேணும். என் பில், எடுத்த எக்ஸ்ரே நாலு, பணம். திட்டி ஒரு வார்த்தை எழுதல. பெரிய பொண்ணு எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தா. ஒப்புகை அட்டையோட தபாலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்துச்சு, பதில் வரல. பதினைஞ்சு நாள் பார்த்துட்டு 1915க்கு போன் பண்ணேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிஞ்சு எண் கொடுத்தாங்க.

அந்த வாரமே கிளினிக்கிலிருந்து போன். 'வாங்கம்மா, பேசிக்கலாம்.'

தனியாப் போகல. எங்க ஊக்குநர் அக்காவும் குழுவில் இன்னும் ரெண்டு பேரும் கூட வந்தாங்க. சத்தம் போடக் கூடாதுன்னு பஸ்ஸிலேயே பேசி வெச்சுக்கிட்டோம். டாக்டர் வரல, மேனேஜர்னு ஒருத்தர். நான் சீட்டை வெச்சு வரி வரியாப் படிச்சேன். டாக்ஸ் 2,826 எதுக்கு? பதில் இல்ல. போஸ்ட் 2,500, படத்தில் காட்டுங்க. தேடினார், காட்ட முடியல. கேப் 6,000, இருபது நாளில் கழண்டது. மூணும் சேர்த்து 11,326 திரும்பக் கொடுக்கிறோம்னு ஒத்துக்கிட்டார். ரூட் கேனால் 4,500ஐக் கேட்டப்போ, 'வேலை செஞ்சிருக்கோமே'ன்னார். அரைகுறையாச் செஞ்ச வேலைக்கு அரைப் பணமாவது குறைங்கன்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. மாட்டேன்னுட்டார்.

பணம் கொடுக்கும்போது ஒரு தாள் நீட்டினார். இனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு இங்கிலீஷில் அடிச்சிருந்துச்சு. நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன், ஆனா கையெழுத்துக்கு முன்னாடி நிதானமாப் படிப்பேன். 'ரூ.4,500 நீங்கலாக 11,326 பெற்றுக்கொண்டேன்'னு தமிழில் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன். அவருக்குப் பிடிக்கல. எக்ஸ்ரே பிரிண்டும் பில்லும் அன்னைக்குத்தான் கிடைச்சுது. சிஸ்டம் வேலை செஞ்சுது!

பல்லைப் பிடுங்கிடலாம்னு பலரும் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. செங்கல்பட்டில் பீச் ரயில் ஏறினா கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம். பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. மூணு தடவை போய், பழைய மருந்தை எடுத்துட்டுத் திரும்ப அடைச்சாங்க. வைத்தியத்தை விட ரயிலுக்கும் டீக்கும்தான் செலவு. வலி இல்ல. கேப் இன்னும் போடல, அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கறதில்ல.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, சுத்தம். பணம் போனா சம்பாதிக்கலாம். திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் வைத்தியம் பார்த்தவங்களுக்கு மூளையைத் தாக்குற ஒரு கிருமி தொத்தி, 2023ல எட்டுப் பேர் இறந்திருக்காங்க. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் மத்தவங்களும் சேர்ந்து ஆராய்ஞ்சு 2025ல எழுதியிருக்காங்க. சுத்தம் பண்ணாத கருவியால சலைன் பாட்டிலைத் திறந்து, மிச்சத்தை மூடி வெச்சுத் திரும்பப் பயன்படுத்தினதுதான் காரணம்னு கண்டுபிடிச்சிருக்காங்க. போனது பல்லு வலிக்கு. கருவியை நம்ம கண்ணு முன்னாடி கவர் பிரிச்சு எடுக்கச் சொல்றதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்ல. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். அதே மாதிரி சுவரில் டாக்டரோட பதிவு எண் இருக்கான்னு பாருங்க. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு இல்லாதவர் பல்லில் கை வைக்கக் கூடாது. 1948லேயே வந்த சட்டம் அது. பல் செட்டு கட்டிக் கொடுக்கிறேன்னு ஊருக்குள்ள வர்றவங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ரெண்டாவது, இஎம்ஐ. பக்கத்துக் குழுவில் ஒரு தங்கச்சிக்கு, 'இன்னைக்குப் பணம் வேணாம், மாசாமாசம் கட்டலாம்'னு சொல்லி ஆதார் வாங்கி, போனுக்கு வந்த ஓடிபியையும் வாங்கிட்டாங்க. கிளினிக்குக்குத் தவணையாக் கட்டுறோம்னு அது நினைச்சிருந்தது. உண்மையில் ஒரு பைனான்ஸ் கம்பெனி அது பேரில் கடன் போட்டு, முழுப் பணத்தையும் கிளினிக்குக்குக் கொடுத்தாச்சு. வைத்தியம் பாதியில் நின்னுடுச்சு, தவணை நிக்கல. நாம வாரம் பத்து ரூபாய் சந்தாவைக் கூட கணக்கில் எழுதுறவங்க. அந்தத் தவணை தப்பினா சிபிலில் ஏறும், நாளைக்கு வங்கி இணைப்புக் கடனுக்குப் போகும்போது குழு மொத்தத்துக்கும் பேச்சு வரும். ஓடிபி கேட்டா, இது கடனா, யார் கொடுக்கிற கடன், வட்டி எவ்வளவு, இதைத் தாளில் கொடுங்கன்னு கேளுங்க.

என் 4,500க்கு ஆணையத்துக்குப் போறதா வேண்டாமான்னு எங்க குழுவில் ரெண்டு கட்சி. ஒரு நாள் செங்கல்பட்டு போனா ஒரு நாள் கூலி போச்சு, விட்டுடுன்னு பாதிப் பேர். விடாதேன்னு மீதிப் பேர். நான் மனுவை எழுதி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷக் கெடு முடிய இன்னும் மாசம் இருக்கு, சொர்ணவாரி அறுப்பு முடியட்டும்னு பார்க்கிறேன். உள்கடனில் இன்னும் மூணு தவணை பாக்கி.

நான் எழுதின கடிதத்தின் நகலை, பேரையும் கிளினிக்கையும் எடுத்துட்டு, கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்திருக்கேன். தேவைப்படுறவங்க ஊக்குநர் மூலமா வாங்கிக்கலாம். ஜெராக்ஸ் செலவு உங்களுடையது.